ஒற்றைக் கம்பியில் பிடித்த மீட்டர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டிய புத்தி. அங்கே மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டார்களாம். ரிட்டயர் ஆன பிறகும் அது போகவில்லை, கறிவேப்பிலைக்குக்கூட மூன்று கடை. அதனால்தான் எங்கள் வேனில் கரண்ட் எங்கே கோளாறு பண்ணுகிறது என்று பார்க்க ஒரு கருவி வாங்கப் போன மனிதர், ஆடி ஆவணி புரட்டாசி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டார். அவரைத் திட்டித்தான் இதை ஆரம்பிக்கிறேன். திட்டுவதற்கு எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளையா குட்டியா?

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினவள். இப்போது என் உடம்பில் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருக்கின்றன. முதலில் கால், பிறகு தோள், இப்போது மூச்சை இழுக்கிற தசை. உட்கார்ந்திருந்தால் சமாளிப்பேன். படுத்தால் காற்று உள்ளே போகாது. அதனால் தூங்கும்போது முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொள்வேன். பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவு மெஷின் ஒன்று இருக்கிறது, அது காற்றைத் தள்ளும். கரண்ட் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் நானும் நிற்பேன். இதை நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதிக்கொள்கிறது. நடுநடுவே நான் மூச்சு வாங்குவதையும் ஏதோ ஒரு சொல் என்று நினைத்து எழுதிவிடுகிறது, அதையெல்லாம் நான்தான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அழிக்கிறேன்.

இதற்கு மருந்து கிடையாது. வேலூர் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "எங்கனா போணும் வரணும்னா இப்பவே போய்ட்டு வந்துடுங்கம்மா. அப்புறம் பாக்கலாம்னு வெச்சுக்காதீங்க."

எனக்கு ஒரே ஒரு இடம்தான். கோதாவரி. வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். நாசிக் பக்கத்தில் ஒரு புள்ளியில் ஆரம்பித்து, தக்காணத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கடல்வரை. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நேரில் பார்த்தது கிடையாது. நான் பார்த்த ஆறெல்லாம் மணல். செய்யாற்றில் லாரி போகும், தென்பெண்ணையில் ஆடு மேயும். ராஜமுந்திரிப் பாலத்தின் மேல் நின்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மங்கலாகத் தெரிகிற அளவு தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மழைக்காலம் முடிந்தால் அங்கேயும் திட்டுத் திட்டாக மணல் தெரிய ஆரம்பித்துவிடுமாம். மணலைப் பார்க்க நான் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? அது இங்கேயே கொட்டிக் கிடக்கிறது.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, ஊர் ஊராகச் சுற்றுவதற்காக ஒரு வேனை வாங்கி உள்ளே வீடாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். கட்டில், ஃபேன், குட்டி அடுப்பு, கை கழுவும் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அதை விற்றார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மட்டும் மூன்று இடத்தில் விசாரிக்கவில்லை. ஒரே நாளில் வாங்கிக்கொண்டு வந்து, வேங்கிக்காலில் எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார்.

கேரவன் என்றால் இங்கே எல்லாருக்கும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். எதிர்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், நடிகை ஆயிட்டீங்களா?"

"ஆமா. மேக்கப்புதான் பாக்கி" என்றேன்.

லாட்ஜில் தங்கித் தங்கிப் போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நான் படி ஏறமாட்டேன். போகிற வழியெல்லாம் கீழ்த்தளத்தில் அறை வேண்டும், கரண்ட் போனால் அந்த நிமிஷமே ஜெனரேட்டர் வேண்டும். இதற்கெல்லாம் யார் ஜவாப்தாரி? வேனில் மெஷினும் நானும் ஒரே கூரைக்கடியில் இருப்போம். நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பேட்டரி ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கினால் போதும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

அது தாங்கவில்லை. என்னை வைத்துப் பரீட்சை பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. மாஸ்க்கை ஒரு தலையணையில் கட்டி, காலை காபி குடித்த கையோடு மெஷினைப் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்போதே வேனுக்குள்ளிருந்து கீ கீ என்று அலறல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவர் சோற்றுக் கையோடு ஓடினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தத் தலையணையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் கருவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பேனாவோடு பேனாவாகக் குத்தி வைத்திருப்பாரே, அந்த டெஸ்டர். வீட்டுப் பிளக்கில் வைத்தால் உள்ளே சிவப்பாக எரியும். அதை பேட்டரியில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. வயரில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை.

"கரண்டே இல்ல டீச்சர்" என்றார். ஊரில் பாதிப் பேர் என்னை அப்படிக் கூப்பிடுவதால் இவரும் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

"உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துதே, அது இன்னா காத்துலயா சுத்துது?" என்றேன். அண்ணாந்து பார்த்தார். வீட்டுக் கரண்டுக்கு எரிகிற டெஸ்டர் பேட்டரி கரண்டுக்கு எரியாதாம். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று கடை தேவைப்பட்டது. தேரடி வீதியில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, போளூர் ரோட்டில் ஒன்று. ஒரு தடவை பௌர்ணமி என்பதை மறந்துபோய்க் கிளம்பி, கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, கடைக்கே போய்ச்சேராமல் திரும்பி வந்தார்.

அடுத்து ஒரு கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்விக்கொள்ளும். வயரை வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம், கவ்வினாலே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லிவிடும். பேட்டரி வயரில் மாட்டினார். பூஜ்யம். எல்லா வயரிலும் பூஜ்யம். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்கயும் லீக்கே இல்ல, எல்லாம் பர்ஃபெக்ட்டு" என்று எதிர்வீட்டு அம்மா வரைக்கும் சொன்னார். அந்த மீட்டரும் வீட்டுக் கரண்டை மட்டும்தான் அளக்கும் என்பது பிறகு தெரிந்தது. பேட்டரி கரண்டையும் அளக்கிற கிளாம்ப் மீட்டர் தனியாக இருக்கிறது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிக் கொடுக்கப் போனால், "கவர் பிரிச்சா வாபஸ் கெடையாதுங்க" என்றார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். கை அவ்வளவு உயரம் வரவில்லை.

மூன்றாவது, சிவப்பும் கறுப்புமாக ரெண்டு வயர் தொங்குகிற மல்டிமீட்டர். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சரியான கருவிதான். பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்தார். எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு வோல்ட் காட்டியது. ஃப்யூஸில் வைத்தார், ஸ்விட்சில் வைத்தார், கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் வைத்தார். எல்லாம் சரி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. மெஷின் மட்டும் மத்தியானம் ஆனால் நின்றுபோகும். அவர் பேந்தப் பேந்த விழித்தார். அந்த முழி எனக்குத் தெரியும். என் வியாதிக்குப் பேர் வைப்பதற்கு முன்னால், ரத்தம், ஸ்கேன், எல்லாம் நார்மல் என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டாக வந்தபோது இதே முழிதான் முழித்துக்கொண்டு நின்றார்.

அதை நினைத்தபோதுதான் எனக்குத் தட்டியது. வேலூரில் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். உட்கார்ந்து ஊதினபோது, பரவாயில்லை, ஓரளவுக்கு வந்தது. அந்த டாக்டர் விடவில்லை. "படுத்துட்டு ஊதுங்கம்மா" என்றார். படுத்து ஊதினால் பாதிகூட இல்லை. அப்போதுதான் என் கோளாறே வெளியில் வந்தது.

"ஏங்க, அது சும்மா இருக்கும்போது அளந்தா நல்லாத்தான் காட்டும். மெஷின போட்டுட்டு அளங்க. என்ன படுக்க வெச்சு ஊதச் சொன்ன மாதிரி" என்றேன்.

மெஷின், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்தார். அவர் கண்ணெதிரிலேயே எண் கிடுகிடுவென்று இறங்கியது. வயரில் ஒன்றுமில்லை, பேட்டரியே செத்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும், வேலை கொடுத்தால் உட்கார்ந்துவிடும். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. புது பேட்டரி வாங்க மூன்று கடை என்று ஆரம்பித்தார். நான் போட்ட சத்தத்தில் ஒரே கடையில் வாங்கி வந்தார். அப்படியே பேட்டரி கரண்டை அளக்கிற சரியான கிளாம்ப் மீட்டரும் வந்தது.

அதிலும் ஒரு கூத்து. மெஷினுக்குப் போகும் வயரைக் கவ்வ வைத்தார். மறுபடி பூஜ்யம். வயருக்குள்ளே ரெண்டு கம்பி இருக்கிறது, ஒன்றில் போகிற கரண்ட் இன்னொன்றில் திரும்பி வருகிறது. ரெண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு மீட்டர் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். ஒற்றைக் கம்பியைப் பிரித்துப் பிடித்தால்தான் உண்மை தெரியும். அதற்காகவே ரெண்டு கம்பியும் தனித்தனியாக இருக்கிற ஒரு முழம் வயர் தயார் பண்ணி நடுவில் மாட்டினார். அன்றைக்குத்தான் என் மெஷின் இழுக்கிற கரண்டை முதல் தடவையாக அளந்தோம். அதை ராத்திரி முழுக்க எத்தனை மணியோ அதால் பெருக்கினார். புது பேட்டரி தாங்கும், விடிந்த பிறகும் மிச்சம் இருக்கும் என்று வந்தது. சோலார் தகட்டின் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஒரு பகல் முழுக்க நானே வேனில் மாஸ்க்கோடு படுத்துப் பார்த்தேன். சாயங்காலம்வரை மெஷின் கொஞ்சம்கூடத் தளரவில்லை. இறங்கும்போது அவர் என்னைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

விஜயதசமியன்று காலை கிளம்புவது என்று முடிவாயிற்று. அன்றைக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் வேலூரில் ஒரு செக்கப். படுத்து ஊதினேன். டாக்டர் மெஷினில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். மத்தியானத்திலும் சிறிது நேரம் மாட்டிக்கொள்ளச் சொன்னார். கோதாவரி போகிறோம் என்றதும் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "பேட்டரி சரியா இருந்தா போய்ட்டு வாங்க. சந்தேகமா இருந்தா வேணாம்." திரும்பி வரும்போது அவர் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்குத்தான் சந்தேகமே இல்லையே.

ஆயுதபூஜையன்று வேனைக் கழுவி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். சாமி அறையில் வருஷா வருஷம் அவருடைய ஸ்குரூ டிரைவர், சுத்தியல், என் பழைய புத்தகம் ரெண்டு இருக்கும். இந்த வருஷம் அந்த வரிசையில் எரியாத டெஸ்டர், பூஜ்யம் காட்டின கிளாம்ப், மல்டிமீட்டர், நல்ல கிளாம்ப் எல்லாம் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் முகத்திலும் பொட்டு. பொரி, கடலை, சுண்டல். என் மெஷினுக்கும் ஒரு பொட்டு வைத்தார். எனக்கும் வைத்தார். ஆயுதத்தோடு ஆயுதமாக நானும் சக்கர நாற்காலியில் இருந்தேன்.

சாயங்காலம் பையெல்லாம் கட்டி முடித்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் ஏத்தி வெச்சாரே. அதுக்கு அப்புறம் நாம அளக்கவே இல்லியே."

"எடுத்து அளங்க."

அவர் சாமி அறையைப் பார்த்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. கலெக்டர் ஆபீசில் அன்றைக்குப் பேனாவைக்கூடத் தொடமாட்டார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. வேறு நாளாக இருந்தால் சாமி ஒன்றும் கோவிச்சுக்கமாட்டார், எடுங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருப்பேன்.

"காலைல எடுத்துக்கலாம். உன்னக் கூட்டிட்டுப் போற நேரத்துல எதுக்கு வம்பு" என்றார்.

"சரி, காலைலயே எடுங்க" என்றேன். எனக்கும் அப்போது அளக்க வேண்டாம் என்றுதான் இருந்தது.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கமாட்டேன். வழியில் சாப்பிடப் புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல் கிண்டினார். அடுப்படியிலிருந்து பெருங்காய வாசனை வந்தது. நான் இங்கிருந்தே உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். ராஜமுந்திரிப் பாலத்தில் வேனை நிறுத்த விடுவார்களா என்று ரெண்டு பேரும் சண்டை போட்டோம். விடமாட்டார்கள் என்று அவர், ஒரு நோயாளிக்கு விடாமல் போவார்களா என்று நான். எந்தப் புடவை என்று கேட்டார். நீலப் புடவையை எடுத்து வைக்கச் சொன்னேன். கல்யாணம் ஆனபோதுகூட நாங்கள் எங்கேயும் ஊர் சுற்றப் போனதில்லை. நாளைக்குப் போகிறோம் என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

காலையில் குளித்து, கற்பூரம் காட்டி, மீட்டரை எடுத்து வந்தார். பொட்டைத் துடைக்கவில்லை. நான் மாஸ்க்கோடு படுத்திருந்தேன். ஒற்றைக் கம்பியில் கவ்வ வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மீட்டரை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை வைத்தார். பிறகு மேஜை ஓரத்தில் விரலால் எதையோ எழுதிப் பெருக்கினார்.

"இன்னா?" என்றேன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"ஜாஸ்தி இழுக்குது. மின்ன விட ரொம்ப ஜாஸ்தி. ராத்திரிக்குத் தாங்காது போல."

"மெஷினா?"

"மெஷின்தான். இன்னொரு பேட்டரி வாங்கிச் சேத்துட்டா..."

"அடுத்த மாசம் அதுக்கும் ஒண்ணு சேப்பீங்களா?"

மெஷினில் கோளாறு எதுவுமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூச்சு விடுகிற வேலையில் என் பங்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவையும் அது எடுத்துச் செய்கிறது. அவர் ஒவ்வொரு தடவையும் போன மாதம் நான் இருந்த நிலைக்குத்தான் வேனைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அது முடியும்போது நான் அங்கே இருப்பதில்லை. இன்னொரு பேட்டரி வந்தது உண்மைதான். அதைப் பொருத்தி முடிப்பதற்குள் பகலிலும் பாதி நேரம் மாஸ்க் என்றாகிவிட்டது. டாக்டர் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த விஜயதசமியன்றே எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் புளிக்காய்ச்சலில் உப்பு கரிக்கிறது என்று அவரைப் பிடித்து ஏசினேன். அவர் அந்தப் புளிக்காய்ச்சலை வாரம் முழுக்கச் சாப்பிட்டுத் தீர்த்தார்.

வேன் வாசலில்தான் நிற்கிறது. வாழைக்கன்று காய்ந்து எப்போதோ விழுந்துவிட்டது. நெற்றியில் சந்தனம் மட்டும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. கோதாவரியில் தண்ணீர் வடிந்திருக்கும். எரியாத டெஸ்டர் பழையபடி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் வேனிலேயே கிடக்கின்றன. அந்த நல்ல கிளாம்ப் மீட்டர் மட்டும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவோடு இருக்கிறது. தினம் காலையில் காபி போடுவதற்கு முன்னால் அதை எடுத்து என் மெஷினின் ஒற்றைக் கம்பியில் கவ்வ வைக்கிறார். வேனுக்காக என்று முதலில் சொன்னார். இப்போது எதற்கு என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

எனக்குத் தெரியக்கூடாது என்று மீட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். பக்கத்தில் பீரோ இருக்கிறது, அதில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. மீட்டரில் வெளிச்சம் வரும்போது எண் அதில் இடவலம் மாறித் தெரியும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று சொன்னவள் நான், இதைப் படிக்கவா தெரியாது? இன்று காலையும் பார்த்தேன். நேற்றைவிட ஜாஸ்தி.

"எப்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"அப்டியேதான் இருக்கு டீச்சர்" என்றார்.

"ஆமா, எனக்கும் அப்டித்தான் தோணுது" என்றேன். அவர் மீட்டரை அணைத்து வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.